3200-லிருந்து 4000-க்கு: காரைக்குடியில் ஒரு ராம் ஓவர்கிளாக் கேஸ்

ராம் வேகத்தைக் கூட்டினால் கம்ப்யூட்டர் நிஜமாகவே வேகமாகுமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது "அந்தப் பெட்டியில் திரைக்குப் படம் வரைவது யார்?" என்பதுதான். தனி கிராபிக்ஸ் கார்டா, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸா? இது தெரியாமல் "3600 போடு, 4000 போடு" என்று சொல்பவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், முழுக்கத் தப்பாகவும் இருக்கலாம். இங்கே எழுதுவது ஒரே ஒரு பெட்டியைப் பற்றி. போர்டு மாறவில்லை, ப்ராசஸர் மாறவில்லை, ராமும் அதேதான். நடுவில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வந்து சேர்ந்தது. அதுவரை உண்மையிலேயே பலன் தந்துகொண்டிருந்த ஓவர்கிளாக் (அட்டையில் எழுதிய வேகத்தைத் தாண்டி ஓட்டுவது), அதற்கப்புறம் வெறும் அலங்காரமாகி, சித்திரை வெயிலில் வில்லங்கமாகவும் ஆனது.

இடமும் பெட்டியும்

காரைக்குடி செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் சின்ன அலுவலகம். பழைய நகரத்தார் வீடுகளை அளந்து, படமெடுத்து, வரைபடமும் முப்பரிமாண மாடலும் செய்து தருவது வேலை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று சுற்றிக்கொண்டே இருப்பார்கள். வீட்டை ஹோட்டலாக மாற்ற நினைப்பவர்கள் ஒரு பக்கம், பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பதால் கதவு நிலையெல்லாம் கழன்று பழம்பொருள் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பதிவாவது இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் இன்னொரு பக்கம். நடத்துபவரை அண்ணன் என்றே சொல்லிவிடுகிறேன், நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவருடைய அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான், லீவுக்கு வந்தால் சாயங்காலம் அதே பெட்டியில் கேம் ஆடுவான். ஓவர்கிளாக் செய்தது அவன்தான்.

பெட்டி: ரைசன் 5 5600ஜி, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 3.9 கிகாஹெர்ட்ஸிலிருந்து தானாக 4.4 வரை போகும், உள்ளேயே வேகா கிராபிக்ஸ். பி550 போர்டு, நான்கு ராம் ஸ்லாட். ஒரே ஒரு 16 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக். அட்டைப்பெட்டியில் 3200 சிஎல்16 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது.

அண்ணனின் புகார் நேரடியானது. "தம்பி, வீட்டுக்குள்ள நடந்து போற மாதிரி காட்டுறோம்ல, அது முகப்புல நல்லா இருக்கு, வளவுக்குள்ள போனதும் தத்தித் தத்திப் போகுது. பக்கத்துல வீட்டுக்காரர் உக்காந்திருக்கும்போது மானம் போகுது." வளவு என்றால் தூண்கள் சூழ்ந்த நடு முற்றம். மருமகனுக்கு ஏற்கெனவே தீர்வு தெரியும்: "ராமை 4000-க்கு ஏத்தணும்ணே."

அட்டையில் 3200, நிஜத்தில் 2400

டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தைப் பார்த்தால் வேகம் 2400 என்று இருந்தது. இது வழக்கமான கதை. அட்டையில் அச்சிட்ட 3200 என்பது எக்ஸ்எம்பி என்ற தயார் அமைப்பை, போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் ஆன் செய்தால் மட்டும் கிடைக்கும் வேகம், ஆன் செய்யாவிட்டால் போர்டு பத்திரமான பழைய வேகத்தில்தான் கிளப்பும். டிடிஆர்4-க்கான பொதுத் தரம் 1.2 வோல்ட், இந்த 3200 சிஎல்16 ஸ்டிக் கேட்பது 1.35 வோல்ட், ஆக எக்ஸ்எம்பியே ஒருவகை ஓவர்கிளாக்தான், கம்பெனி சோதித்துக் கொடுத்த ஓவர்கிளாக். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ஆன் செய்யாமலே வருஷக்கணக்கில் ஓட்டுபவர்கள் ஏராளம்.

இந்த இடத்தில் கணக்கைப் போட்டுவிட்டால் பின்னால் வருவதெல்லாம் சுலபமாகப் புரியும். ராமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் உள்ள பாதைதான் சேனல், ஒரு சேனல் ஒரு தடவைக்கு 8 பைட் தூக்கும். 2400 என்றால் விநாடிக்கு 2400 மில்லியன் தடவை, அதாவது விநாடிக்கு 19.2 ஜிபி. 3200 என்றால் 25.6. இரண்டு ஸ்டிக்கை இரண்டு சேனலில் போட்டால் 51.2. அதையே 4000 ஆக்கினால் 64. அதாவது ஒரு ஸ்டிக் 2400-லிருந்து இரட்டைச் சேனல் 3200-க்குப் போவது இரண்டரை மடங்குக்கும் மேல். அங்கிருந்து 4000-க்குப் போவது கால்வாசி கூடுதல், அவ்வளவுதான். கஷ்டம் முழுக்க அந்தக் கால்வாசியில்தான் இருக்கிறது.

இது அகலம். தாமதம் வேறு கணக்கு. சிஎல் என்பது கேட்டதற்கு ராம் பதில் தர எத்தனை சுற்று எடுக்கிறது என்ற எண். அதை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோ செகண்ட் வரும். 3200 சிஎல்16 என்றால் 10. மருமகன் வைத்த 4000-க்கு சிஎல்19 கொடுத்தான், ஆனால் பயாஸில் கியர்டவுன் மோட் என்ற ராம் அமைப்பு ஆனில் இருந்ததால் ஒற்றைப்படை எண்ணை ஏற்காமல் அது 20 ஆகிவிட்டது. 4000 சிஎல்20 எவ்வளவு? அதுவும் 10! இந்தப் பத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது: பழைய டிடிஆர்3 1600 சிஎல்8-உம் 10 நானோ செகண்ட்தான், இன்றைய டிடிஆர்5 6000 சிஎல்30-உம் 10தான். அட்டையில் எண் ஏறிக்கொண்டே போகிறது, முதல் எழுத்து வந்து சேரக் காத்திருக்கும் நேரம் கிட்டத்தட்ட அங்கேயே நிற்கிறது. 4800 சிஎல்40 என்று வந்த ஆரம்பகால டிடிஆர்5 உண்மையில் 16 நானோ செகண்டைத் தாண்டும், நல்ல டிடிஆர்4-ஐவிட மோசம்.

செட்டிநாட்டு வீட்டில் கல்யாணம் நடக்கும்போது பின்கட்டு அடுப்படியிலிருந்து முகப்புப் பந்திக்குச் சாப்பாடு போவதை நினைத்துக்கொள்ளுங்கள். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ஆள் கூடினால் ஒரே நேரத்தில் நிறைய வாளி வரும், அது அகலம். ஆனால் "ரசம்" என்று கேட்டதிலிருந்து முதல் வாளி வந்து நிற்கும் வரைக்கும் இரண்டு கட்டு, வளவு எல்லாம் தாண்டி நடந்தாக வேண்டும், எத்தனை ஆள் போட்டாலும் அந்த நடை குறையாது. அதுதான் தாமதம். சிஎல் என்பது அந்த நடையில் அடுப்படிக்குள் நடக்கும் பகுதி மட்டும். மீதி நடை ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர், அதன் உள்பாதையான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் வழியாக. அதனால்தான் சிஎல் கணக்கில் இரண்டும் 10 என்று வந்தாலும் 4000-இல் மொத்தத் தாமதம் ஓரளவு குறையவே செய்தது. ஃபேப்ரிக் 1600-லிருந்து 2000-க்கு ஏறியதன் பலன் அது.

இரண்டாவது ஸ்டிக்: எது எதற்கு உதவியது

முதலில் எக்ஸ்எம்பியை மட்டும் ஆன் செய்தோம். நடைக்காட்சி கொஞ்சம் தேறியது, வளவில் இன்னும் தத்தியது. அப்புறம் அதே மாடல் எண்ணில் இன்னொரு 16 ஜிபி ஸ்டிக் வாங்கினோம்.

இங்கே ஒரு சிக்கல். இரண்டாவது ஸ்டிக் போட்டால் ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் மாறுகிறது, அளவு 16-லிருந்து 32 ஆகிறது, சேனல் ஒன்றிலிருந்து இரண்டாகிறது. "ரெண்டாவது ராம் போட்டேன், பறக்குது" என்று சொல்பவர்களிடம் எதனால் பறந்தது என்று கேட்டால் பதில் வராது. பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக்கையும் வேண்டுமென்றே ஒரே சேனலின் ஸ்லாட்களில் செருகினால் 32 ஜிபி இருக்கும், ஆனால் ஒற்றைச் சேனலாகவே ஓடும். அப்படிச் செருகினால் போர்டு 3200-க்கு முரண்டு பிடித்தது, ஆகவே இரண்டு அமைப்பையும் 2666-இல் வைத்து ஒப்பிட்டோம். ஒன்று விநாடிக்கு 21.3 ஜிபி, மற்றது 42.6, அளவு இரண்டிலும் 32. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரீஸ்டார்ட், அதே கோப்பு, பல தடவை ஓட்டி நடுவில் வரும் நேரம். ஒரே அமைப்பில் தடவைக்குத் தடவை வரும் ஏற்ற இறக்கத்தைவிடச் சின்ன வித்தியாசம் எதையும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஒரு ஒழுங்கு இருந்தாலே பாதி ராம் சண்டைகள் தீர்ந்துவிடும்.

நடைக்காட்சி முழுக்க சேனல் பக்கம் சாய்ந்தது. 32 ஜிபி ஒற்றைச் சேனலில் பழைய தத்தல் அப்படியே இருந்தது, இரட்டைச் சேனலுக்கு மாற்றியதும் வளவுக்குள் நுழையும்போது கை நடுங்காமல் திருப்ப முடிந்தது. காரணம் வெளிப்படை. 5600ஜி-க்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு சொந்த மெமரி கிடையாது, ப்ராசஸர் குடிக்கும் அதே ராமில்தான் அதுவும் குடிக்கிறது. வளவில் என்ன இருக்கிறது? சுற்றிலும் தூண்கள், மரவேலைப்பாடு, தரை முழுக்க ஆத்தங்குடிக் கல்லின் கோலம். எல்லாம் டெக்ஸ்சர், அதாவது மாடலின் பரப்பில் ஒட்டும் படங்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அத்தனையையும் ராமிலிருந்து இழுத்தாக வேண்டும்.

போட்டோகிராமெட்ரி, அதாவது நூற்றுக்கணக்கான படங்களைக் கோத்து மாடல் உண்டாக்கும் வேலை, இதற்கு நேர் எதிர். 16 ஜிபியில் கிராபிக்ஸுக்கு ஒதுக்கியது போக மிச்சத்தில் பெரிய வீடு அடங்காமல் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படித்துக்கொண்டிருந்தது. 32 ஆனதும் அந்த இழுபறி நின்றது, ஒற்றைச் சேனலா இரட்டையா என்பது அங்கே இரண்டாம்பட்சம். ராம் பற்றாமல் டிஸ்க்குக்குப் போகும் வேலைக்கு ராம் வேகத்தைக் கூட்டுவதில் ஒரு அர்த்தமும் இல்லை. நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் கண்ணாடியாகப் பளபளக்கும், அதில் பிடித்துக்கொள்ள ஒரு புள்ளி இருக்காது. ஆத்தங்குடிக் கல்லோ ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும், மென்பொருள் எந்தக் கல்லை எந்தக் கல்லோடு சேர்ப்பது என்று குழம்பும். மாடல் கோணலாக வருவதற்கு அண்ணன் முதலில் கம்ப்யூட்டரைத்தான் திட்டினார். அது படமெடுக்கும் முறையில் சரிசெய்ய வேண்டிய விஷயம், எந்த ராமும் தீர்க்காது.

முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் ப்ராசஸரை வைத்து ரெண்டர் செய்வது, அதாவது மாடலிலிருந்து இறுதிப் படம் உண்டாக்குவது? 2400 ஒற்றை ஸ்டிக்கிலிருந்து கடைசியாக வைத்த 4000 வரைக்கும் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு மூன்றுக்குள். ஒளிக்கதிரைத் துரத்தும் கணக்கு பெரும்பாலும் கேஷுக்குள்ளேயே (ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன வேகமான மெமரி) சுழல்கிறது, கோர்கள் வேலையாக இருக்கின்றன, ராமுக்காகக் காத்து நிற்பது குறைவு. டேலி, எக்செல் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மருமகனின் 4000

ப்ராசஸரைக் கைமுறையாக எல்லாக் கோரும் 4.6 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தி, ராமை 4000, ஃபேப்ரிக்கை 2000, இரண்டையும் ஒன்றுக்கொன்று விகிதத்தில் வைத்தான் (4000 ராமின் நிஜக் கடிகாரம் அதில் பாதி, 2000). இது எல்லா ரைசனிலும் நடக்காது. ரைசன் 5 3600, ரைசன் 5 5600 போன்ற, சில்லுகளைப் பிரித்து அடுக்கிய ப்ராசஸர்களில் ஃபேப்ரிக் 1800, மிஞ்சினால் 1900 வரைக்கும்தான் பெரும்பாலும் ஒழுங்காக நிற்கும், அதைத் தாண்டினால் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கி, 3600 ராமைவிட 4000 ராம் தாமதமாகும் கூத்து நடக்கும். 5600ஜி ஒரே சில்லு, அதில் ஃபேப்ரிக் 2000-ஐத் தொடுவது சகஜம். பையன் அந்த அளவுக்குப் படித்துவிட்டுத்தான் செய்தான், அதைச் சொல்லியாக வேண்டும்.

ப்ராசஸரையும் சேர்த்து ஓவர்கிளாக் செய்யும்போது வேகமான ராம் "அவசியம்" என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி உண்மை. மொத்தத் தாமதம் 60 நானோ செகண்ட் என்று வைத்துக்கொண்டால் 4.4 கிகாஹெர்ட்ஸ் கோர் ஒரு தடவை காத்திருப்பதில் 264 சுற்றை வீணாக்குகிறது. அதே 60-க்கு 4.6 கோர் 276 சுற்றை வீணாக்கும். கோர் வேகமாக ஆக, காத்திருப்பு சுற்றுக் கணக்கில் பெரிதாகத் தெரியும், ஆகவே ராமுக்குக் காத்து நிற்கிற வேலையில் ப்ராசஸர் ஓவர்கிளாக்கின் பலன் முழுசாகக் கைக்கு வராது. சரி. ஆனால் மறுபாதி: ஒரு வேலை தன் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் ராமுக்காகக் காத்துக் கழிக்கிறது என்றால், அந்தக் காத்திருப்பைப் பத்து சதவீதம் குறைத்தாலும் மொத்தத்தில் குறைவது இரண்டு சதவீதம். ராமை அளக்கும் அய்டா64 என்ற மென்பொருளில் கால்வாசி கூடிய எண் பளிச்சென்று தெரியும், வேலையில் அது இரண்டாகச் சுருங்கும். பெஞ்ச்மார்க் ராமை மட்டும் தனியாக அளக்கிறது, நாம் அப்படி எந்த வேலையும் செய்வதில்லை.

இந்தக் கட்டத்தில் 4000-ஆல் பலன் இருந்ததா? இருந்தது, மறுக்க முடியாது. நடைக்காட்சி 3200 இரட்டையிலிருந்து இன்னும் ஒரு படி வழுக்கிக்கொண்டு போனது, அண்ணனே யாரும் சொல்லாமல் கண்டுபிடித்தார். உள் கிராபிக்ஸ் அகலத்துக்கு ஏங்கிக் கிடக்கும்போது அகலம் கூடினால் கண்ணுக்கே தெரியும். பையனின் கேமிலும் அப்படியே. ராம் ஓவர்கிளாக் வீண் என்று ஒரேயடியாகச் சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம்.

மார்கழியில் ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனையை ஓட்டி ஒரு பிழையும் இல்லை என்று காட்டினான். 1.45 வோல்ட். கூடவே டிஆர்எஃப்சி என்ற அளவையும் நன்றாக இறுக்கி வைத்திருந்தான். அதைப் பற்றிப் பின்னால்.

கார்டு வந்தது

வேலை கூடியதும் அண்ணன் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி கார்டு வாங்கினார். அந்தக் கார்டின் சொந்த மெமரி விநாடிக்கு 360 ஜிபி தூக்கும். பையன் பாடுபட்டு எட்டிய 64-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இப்போது வளவின் தூணும் தரைக்கோலமும் ஒரு தடவை கார்டின் மெமரிக்குள் ஏறி உட்கார்ந்துவிடுகின்றன, அதற்குமேல் ஃபிரேமுக்கு ஃபிரேம் ராமைத் தொட வேண்டியதில்லை.

திரும்பவும் அதே சோதனைகள், 3200-உம் 4000-உம். நடைக்காட்சியில் வித்தியாசம் பூஜ்யம். பிளெண்டர் ரெண்டர் கார்டுக்குப் போய்விட்டது, அங்கேயும் பூஜ்யம். போட்டோகிராமெட்ரியில் கனமான கட்டம் கார்டில் ஓட, மீதியில் இருந்த சொற்ப வித்தியாசம் தடவைக்குத் தடவை வரும் ஆட்டத்துக்குள் அடங்கிவிட்டது. கோப்புகளைச் சுருக்கி வைக்கும் 7-ஜிப்பில் மட்டும் சுருக்கும் வேகம் தெளிவாகக் கூடியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான், 7-ஜிப் சுருக்கும்போது பெரிய அகராதிக்குள் தாறுமாறாகத் தாவித் தாவித் தேடுகிறது, ஒவ்வொரு தாவலும் ராமின் தாமதத்தில் மாட்டும், விரிக்கும்போது அப்படி இல்லை.

கேமில் கதை இரண்டாகப் பிரிந்தது. படத்தரத்தைக் குறைத்து, ப்ராசஸர் மூச்சுத் திணறும் நிலையில் ஓட்டினால் 4000-இல் சரேலென்று விழும் ஃபிரேம்கள் குறைந்தன. படத்தரத்தை ஏற்றி கார்டு திணறும் நிலைக்குக் கொண்டுபோனால் ஒன்றுமில்லை. அதிலும் 5600ஜி-க்கு எல்3 கேஷ் 16 எம்பிதான், ஜி இல்லாத 5600-க்கு 32, 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி-க்கு 96. கேஷ் சின்னதாக இருக்க இருக்க ராமை அடிக்கடி தொட வேண்டிவரும், அதனால் ராம் வேகம் அங்கேதான் அதிகம் உறைக்கும். 5800எக்ஸ்3டி வைத்திருப்பவர் ராம் டைமிங்கோடு மல்லுக்கட்டுவது நேரத்துக்குப் பிடித்த கேடு.

ஆக மிஞ்சியது என்ன? பகல் வேலையில் சுருக்குவது, சாயங்காலம் குறைந்த படத்தரத்தில் ஒரு கேம். இவ்வளவுக்காக 1.45 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

சித்திரை

ஒவ்வொரு வீட்டு வேலையும் முடிந்ததும் படங்களை 7-ஜிப்பில் சுருக்கி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டு வைப்பது அங்கே வழக்கம். தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டின் பங்காளி ஒருவர் படங்களைக் கேட்க, விரிக்கும்போது சில கோப்புகளில் சிஆர்சி பிழை, அதாவது உள்ளடக்கம் கெட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை. நல்லவேளையாக மூலப் படங்கள் இன்னொரு டிஸ்க்கில் அழியாமல் இருந்தன. அந்த வீட்டின் மரக்கதவுகள் அதற்குள் கழற்றப்பட்டிருந்தன, திரும்பப் போய் எடுக்க முடியாது.

எல்லாரும் முதலில் சந்தேகப்பட்டது எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் கேபிளையும்தான். அந்தக் கோப்பை வேறொரு கம்ப்யூட்டரில் விரித்தபோதும் அதே கோப்புகளில் அதே பிழை, ஆகப் படிக்கும்போது கெடவில்லை, எழுதும்போதே கெட்டிருக்கிறது. மூலப் படங்களை மத்தியான வெயிலில் 4000-இல் வைத்தே திரும்பச் சுருக்கி, உள்ளே இருக்கும் டிஸ்க்கிலேயே வைத்து டெஸ்ட் போட்டோம். பிழை வந்தது, ஆனால் வேறு கோப்புகளில். காலையில் ஓட்டினால் வரவில்லை. 3200-க்கு இறக்கி அதே மத்தியானத்தில் ஓட்டினாலும் வரவில்லை. இதற்குமேல் ஆதாரம் தேவையில்லை.

மார்கழியில் பாஸான ராம் சித்திரையில் ஏன் ஃபெயிலாகிறது? ராமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு பொடி மின்தேக்கியில் இருக்கும் சார்ஜ். அது கசிந்துகொண்டே இருக்கும், அதனால் ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லி செகண்டுக்குள் ஒரு தடவை புதுப்பித்தாக வேண்டும். சூடு ஏற ஏற கசிவும் வேகமாகும், டிடிஆர்4 தரத்திலேயே 85 டிகிரிக்கு மேல் இரண்டு மடங்கு அடிக்கடி புதுப்பிக்கச் சொல்கிறது. பையன் இறுக்கிய டிஆர்எஃப்சி என்பது ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் கொடுக்கும் நேரம். 8 கிகாபிட் சில்லுக்குத் தர அளவு 350 நானோ செகண்ட், தரத்தில் வைக்கும் அந்த இடைவெளி சும்மா வைக்கவில்லை. அதைக் குளிரில் வெட்டினால் தாங்கும், வெயிலில் தாங்காது. இன்னொன்று, இரண்டாவது ஸ்டிக் அதே மாடல் எண் என்றாலும் உள்ளே வேறு சில்லாக இருக்கலாம், ஒரே எண்ணில் வெவ்வேறு சில்லு போட்டு விற்பது இந்தத் தொழிலில் சாதாரணம். ஒன்று தாங்கும் அமைப்பை மற்றது தாங்க வேண்டும் என்று சட்டமில்லை.

அந்த அறையில் ஏசி இல்லை. அக்னி நட்சத்திரத்துக்கு முன்னாலேயே இங்கே வெளியே 40 டிகிரியை எட்டிப் பார்க்கும். இதோடு 3060 கார்டு 170 வாட் வரைக்கும் இழுத்து, அவ்வளவு சூட்டையும் அதே கேபினெட்டுக்குள் ராமுக்குப் பக்கத்தில் கொட்டுகிறது. கார்டு வந்து ஓவர்கிளாக்கின் லாபத்தை எடுத்துக்கொண்டது, பதிலுக்கு ஓவர்கிளாக்கைக் கெடுக்கும் சூட்டையும் கொண்டுவந்தது. மெம்டெஸ்ட்86 ஏன் இதைப் பிடிக்கவில்லை என்றால், அது விண்டோஸுக்கு வெளியே தனியாக ஓடுவது, அப்போது கார்டு சும்மா தூங்கும். பையன் சோதித்த காலத்தில் கார்டே இல்லை. விண்டோஸுக்குள் கார்டுக்கு ஒரு கனமான வேலையைக் கொடுத்துவிட்டு, கூடவே டெஸ்ட்மெம்5 என்ற ராம் சோதனையை ஓட்டியதும் மத்தியானத்தில் பிழைகள் கொட்டின.

கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நீலத்திரை காட்டவில்லை, தொங்கவில்லை, ரீஸ்டார்ட் ஆகவில்லை. ஓவர்கிளாக் கெட்டால் கம்ப்யூட்டர் விழுந்து தெரியும் என்பது ப்ராசஸருக்குப் பெரும்பாலும் சரி, ராமுக்கு அப்படி எண்ணி இருக்க முடியாது. சாதாரண டெஸ்க்டாப் ராமில் பிழைதிருத்தம் இல்லை, ஒரு பிட் புரண்டால் புரண்டதுதான், படத்தின் நடுவில் ஒரு கோடாகவோ சுருக்கிய கோப்பின் நடுவில் குப்பையாகவோ போய் உட்காரும், யாராவது திறக்கும் வரை தெரியாது. கேம் மட்டும் ஆடும் பெட்டியில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டின் கடைசிப் பதிவு இருக்கும் பெட்டியில் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

இறக்கி வைத்தது

பையன் லேசில் விடவில்லை. "டிஆர்எஃப்சியை மட்டும் தளர்த்திட்டா 4000 நிக்கும்ணே, ராமுக்கு நேரா ஒரு ஃபேன் வச்சுக்கலாம்." தளர்த்திப் பார்த்தோம், பிழை வெகுவாகக் குறைந்தது, முழுசாக நிற்கவில்லை. 3600-க்கு இறக்கி, சிஎல்18, 1.35 வோல்ட், டிஆர்எஃப்சியைப் போர்டே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டதும் மத்தியான வெயிலில் கார்டும் ஓட ஒரு பிழைகூட இல்லை. 7-ஜிப்பில் 4000-க்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது, கொஞ்சம். 3200-க்கும் இதற்கும் உள்ளதும் கொஞ்சம்தான். அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, கம்பெனி எழுதிக் குடுத்தது எது?" 3200. "அதுலயே வையி."

வைத்தாயிற்று. எக்ஸ்எம்பி 3200, இரட்டைச் சேனல், 32 ஜிபி. ப்ராசஸரையும் 4.6-இல் கட்டி வைக்காமல் தன் போக்கில் விட்டாயிற்று, ரெண்டர் கார்டுக்குப் போன பிறகு அந்த 4.6-ஆல் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. பழைய காப்புக் கோப்புகளை எல்லாம் ஒன்றொன்றாக டெஸ்ட் போட்டு, கெட்டதை மூலத்திலிருந்து திரும்பச் சுருக்கினோம். பெரிய வீடுகளுக்கு 32 ஜிபியும் விளிம்பில் நிற்பதால் அடுத்த செலவு இன்னும் இரண்டு 16 ஜிபி ஸ்டிக், நான்கு ஸ்டிக் போட்டால் கன்ட்ரோலருக்குச் சுமை கூடி 3200 நிற்காமல் போகவும் வாய்ப்புண்டு, அப்படியானால் 2933-க்கோ 2666-க்கோ இறக்கிக்கொள்வது என்று பேசி வைத்திருக்கிறோம். டிஸ்க்குக்குப் போகாமல் ஓடும் 2666, டிஸ்க்குக்குப் போய்வரும் 4000-ஐ எப்போதும் தோற்கடிக்கும்.

அதற்கப்புறம் ப்ராசஸர். அதே போர்டில் பன்னிரண்டு கோர் 5900எக்ஸ் உட்காரும், படங்களைக் கோக்கும் கட்டத்துக்கு அது உதவும். மருமகனுக்கு 5800எக்ஸ்3டி மேல் கண், கேமுக்கு அதுதான் சரி என்பதில் அவன் சொல்வதும் நியாயம். எது வந்தாலும் ஃபேப்ரிக் 1900-ஐத் தாண்டுவது அரிது, ஆகவே 4000 என்ற பேச்சு தானாகவே 3600-க்கோ 3800-க்கோ இறங்கிவிடும்.